பூட்டிய அறையிலிருந்து ஏறிய இமேஜ்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அந்த ஞாயிறு மதியத்தை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

எங்கள் மென்பொருளைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, கன்டெய்னர் இமேஜ்களாகச் சொந்த சர்வரில் வைத்திருந்தோம். கிளை அலுவலகங்கள் அங்கிருந்துதான் இறக்கிக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சேர்ந்து இரண்டே மாதம். டிஸ்க் 98 சதவீதம் நிரம்பிவிட்டது. திங்கள் காலைக்குள் இடம் பிடிக்காவிட்டால் புது வெளியீடு போகாது, நான் போய்விடுவேன்.

அலுவலகத்தில் நான் மட்டும்தான். 2.10க்குப் பழைய இமேஜ்களை அழித்து முடித்தேன். 2.14க்குப் புதிதாக ஒன்று ஏறியது. பெயர், ‘கதவைத் திறங்க-1’. எவனோ விளையாடுகிறான் என்று மேனேஜருக்குப் போன் போட்டேன்.

“சார், யாரோ இமேஜ் ஏத்துறாங்க. பேரே ஒரு மாதிரி இருக்கு.”

“குப்பைப்பா. அழிச்சுத் தள்ளு.”

அழித்தேன். இரண்டு வந்தது. அழித்தேன். மூன்று... ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிது. கூடவே ஒரு நாற்றம். வியர்வையும் அழுகலும் கலந்து, ஏசிக் காற்றில் வந்து நாக்கில் ஒட்டியது. சீ!

2.31. ஆறாவதையும் அழித்த பிறகுதான் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். சர்வர் அறைக்குள் இருக்கும் பழைய கணினியிலிருந்து.

அறை பூட்டியிருந்தது. சாவி என் பையில்.

டொக்... டொக்...

உள்ளிருந்து.

திறந்தேன். யாருமில்லை. அந்தக் கணினியின் ஒயர் பிடுங்கிக் கிடந்தது.

உள்பக்கக் கைப்பிடி பிசுபிசுத்தது.

விரலில் ஏதோ ஒட்டியது...

நகம்.

மறுநாள் புது வெளியீடு போனது. என் வேலை தப்பியது. “வெரி குட்” என்றார் மேனேஜர். நான் வாசல் காவலாளியிடம் போய் நின்றேன்.

“ஒனக்கு முன்னாடி இருந்தவரு, தம்பி. லீவு நேரத்துல அந்த ரூமுக்குள்ள இருக்கும்போது பூட்டு மாட்டிக்கிச்சு. போனு வெளிய மேசையில கெடந்துச்சு. நாலு நாள் கழிச்சு நான்தான் கதவ ஒடச்சேன்.”

சர்வரின் பழைய பதிவுகளைத் தோண்டினேன். அந்த நான்கு நாளில், அதே பெயரில் நாற்பத்தொரு இமேஜ்கள் ஏறியிருந்தன. உள்ளேயிருந்து வெளியே சொல்ல அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான். வந்த சில நிமிடங்களில் ஒவ்வொன்றும் அழிக்கப்பட்டிருந்தது. அழித்தது வீட்டிலிருந்த மேனேஜர்.

எங்கள் சர்வரில் எதையும் சும்மா அழிக்க முடியாது. அதன் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்தால்தான் அழியும்.

‘கதவைத் திறங்க’ என்று நாற்பத்தொரு முறை தட்டியிருக்கிறார் மேனேஜர்.

நான் ஆறு முறை.