மானேஜருக்கு வைத்த ஆதராஞ்சலி

நாலு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலம் தொடங்கிய சமயம், திருவனந்தபுரத்தில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். பத்தொன்பது வயதில் பிழைக்க வந்தவன், இன்றுவரை இங்கே பழவங்காடியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். பிறந்தநாள், கல்யாணம், கோயில் உற்சவம், எலெக்‌ஷன் எல்லாம் அடிப்போம். ஆனால் அவசரம் அவசரம் என்று தலைமேல் வந்து நிற்பது ஆதராஞ்சலி போர்டு ஒன்றுதான். நம் ஊரில் சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரிதான் அது. இங்கே ஒருத்தர் இறந்துவிட்டால், அவர் வீட்டுக்குத் திரும்புகிற முக்கில் அவர் படத்தோடு ஆளுயர போர்டு நிற்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் பாதி ஊர் சேதியே தெரிந்துகொள்ளும்.

எனக்கு ஆகாத சாமான் இரண்டு உண்டு. ஒன்று கோபம், இன்னொன்று ஃபுட்பால் பைத்தியம். ஜில்லா லீகில் மேல் டிவிஷனில் ஆடுகிற ஒரு சின்ன டீமுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற ஐம்பது அறுபது பேரில் நானும் ஒருத்தன். அந்த வருஷம் எங்கள் டீம் தோற்றுத் தோற்று அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கடைசி மேட்சில் ஒரு பாயின்ட்டாவது எடுக்காவிட்டால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டியதுதான்.

எங்கள் டீமுக்குக் கோச்சும் மானேஜரும் ஒரே ஆள். மானேஜர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பொன்முடி மலையில் தேயிலை எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் பிறந்த தமிழர். அறுபதை நெருங்குகிற வயது. மனைவி தவறிவிட்டார்கள், ஒரே மகள் வெளிநாட்டில் நர்ஸ். மலையடிவாரத்தில் விதுராவில் தனியாக இருந்துகொண்டு தினமும் பஸ் பிடித்து மைதானத்துக்கு வருவார். நம்மாள் என்று எனக்கு அவர்மேல் ஒரு பாசம் இருந்தது. அதனாலேயே கோபம் வந்தபோது இரண்டு பங்காக வந்தது.

அந்தக் கடைசி மேட்சில் அவர் செய்ததைச் சொன்னால் உங்களுக்கும் கோபம் வரும். அறுபதாவது நிமிஷம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்களிடம் உருப்படியாக இருந்த ஒரே ஸ்ட்ரைக்கரை வெளியே கூப்பிட்டு, பதிலுக்கு ஒரு டிஃபெண்டரை இறக்கினார். அதற்கப்புறம் பத்து பேரும் கோல்போஸ்ட் முன்னால் வேலி அடைத்தாற்போல நின்றார்கள். பந்தை அடிப்பது, வெளியே தள்ளுவது, மறுபடியும் அடிப்பது. எதிர் டீம் ஆட்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். டிரா. ஒரே ஒரு பாயின்ட்டில் தலை தப்பியது.

தப்பித்ததற்குச் சந்தோஷப்பட வேண்டுமா இல்லையா? எங்களுக்கோ வயிறு எரிந்தது. இப்படித் தப்பிப்பதற்கு இறங்கியே தொலைந்திருக்கலாம் என்று கத்தினோம். போதாக்குறைக்கு, அடுத்த வருஷமும் இவரே மானேஜர் என்று கமிட்டி சொல்லிவிட்டது. அன்று சாயங்காலம் யாரோ அவருடைய நம்பரை வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? ஆளாளுக்குக் கூப்பிட்டுத் திட்டினோம். நானும் இரண்டு தடவை கூப்பிட்டேன். ஒரு தடவை எடுத்து, “யாரு, சொல்லுங்க” என்றார் தன்மையாக. வாய்க்கு வந்ததையெல்லாம் கத்திவிட்டு வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து அவர் ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். ஆள் பயந்துவிட்டார் என்று எங்களுக்கு அதில் ஒரு கொண்டாட்டம் வேறு.

சாமான் ஏற்றுகிற பெட்டி ஆட்டோ ஓட்டுகிற மலையாளி நண்பன் ஒருத்தன் எனக்கு உண்டு. மேட்சுக்கு எப்போதும் சேர்ந்துதான் போவோம். அவன்தான் ஆரம்பித்தான். “அண்ணாச்சி, அந்த ஆளுக்கு ஒரு ஆதராஞ்சலி வச்சால் எந்தா? விதுராவிலே, வீட்டு முக்கிலே. காலைல எழும்பி வந்து பாக்கட்டு.”

கட்சிக்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் மலர்வளையம் வைத்து மானத்தை வாங்குகிற ஊர்தானே இது. எனக்கும் அது பெரிய தப்பாகத் தோன்றவில்லை. மறுநாள் மத்தியானம் முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் வேலையை ஆரம்பித்தேன். கிளப் காலண்டரில் மானேஜர் விசிலோடு சிரித்துக்கொண்டிருக்கிற படம் இருந்தது. அதை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினேன். பின்னணியை இருட்டாக்கி, கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை மழுக்கினேன். இறந்தவர்களுக்கு அப்படித்தான் செய்வோம், முகத்தில் ஓர் அமைதி வந்துவிடும். கை தன்பாட்டுக்குச் செய்துகொண்டே போயிற்று. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எனக்குத் திக்கென்றது. எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்த முகங்களுக்கும் இந்த முகத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல அந்தப் படத்தில் எதுவுமே மிச்சமில்லை.

சரி, விளையாட்டுதானே என்று பேரைப் போட்டேன், மேட்ச் நடந்த தேதியை இறந்த தேதியாகப் போட்டேன். அடியோரத்தில், ‘மனுஷன் சுகம், போனது மானேஜர் மட்டும்’ என்று மலையாளத்தில் ஒரு வரி அடித்தேன். அந்த வரிதான் எங்கள் கேலி. அதைப் படித்தால்தான் யாருக்கும் சிரிப்பு வரும்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். ஃப்ளெக்ஸை மரச்சட்டத்தில் மடித்து ஆணி அடிப்பதற்காக நாலு பக்கமும் கொஞ்சம் வெற்றிடம் விட வேண்டும். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. முதலாளி வந்துவிடுவாரே என்கிற அவசரத்தில் அதை மறந்து, அந்த வரியை ஃப்ளெக்ஸின் ஓரத்திலேயே வைத்து அச்சடித்துவிட்டேன். நண்பன் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் மடித்துச் சட்டம் அடித்து, சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டான்.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். விதுரா போய்ச் சேரும்போது மழை விட்டிருந்தது, ஆனால் பொன்முடியிலிருந்து இறங்கின பனி ரோட்டை மூடிக் கிடந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவர் வீட்டுக்குப் போகிற சந்து முக்கில், ஒரு டீக்கடைக்கு எதிரே, கரண்ட் போஸ்ட்டில் போர்டைச் சாய்த்து நான் பின்னால் நின்று கம்பி முறுக்கினேன். கம்பி கட்டுகிறவனுக்கு போர்டின் முதுகுதான் தெரியும்.

டீக்கடையில் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பேச்சு நின்றது. இதோ இப்போது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். மடித்துக் கட்டின வேட்டியை ஒவ்வொருத்தராக அவிழ்த்துக் கீழே விட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் அது மரியாதை. டீக்கடைக்காரர் மட்டும் கிட்டே வந்து, “எப்போழா?” என்று மெல்லக் கேட்டார். எப்போது என்று கேட்கிறார்! வாய் ஓயாத என் நண்பன் சாக்கை உதறி மடிக்க ஆரம்பித்தான்.

முன்னால் போய்ப் பார்த்தேன். கேலி வரியைக் காணோம். அது சட்டத்துக்குப் பின்னால் மடிந்து கிடந்தது. முன்னால் இருந்தது முகமும் பேரும் தேதியும் மட்டும்தான். என் கையால் நான் செய்தது ஒரு அசல் சாவு போர்டு.

அப்போதே கத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடி விழும் என்கிற பயம்தான், வேறென்ன? அதற்குள் டீக்கடை பாதி ஷட்டர் இறங்கிவிட்டது. யாரோ ஒரு கறுப்புத் துணியைக் கொண்டுவந்து போஸ்ட்டில் கட்டினார்கள். பால் கொண்டுபோன ஒரு அம்மா கேனைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எங்கிருந்து வருகிறார்கள் என்றே தெரியவில்லை. போர்டைப் பார்ப்பார்கள், ஒரு நிமிஷம் நிற்பார்கள், ஒரு வார்த்தை பேசாமல் சந்துக்குள் நடப்பார்கள். போகிற வழியில் சொல்லிவிடலாம் என்று நாங்களும் அவர்கள் பின்னால் நடந்தோம்.

வீடு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு லைட் மட்டும் எரிந்தது. கதவைத் தட்டுங்களேன் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். யாரும் தட்டவில்லை. மேட்சுக்குப் போனவரை அப்புறம் யாரும் வெளியே பார்க்கவில்லை போல, ஆஸ்பத்திரியிலிருந்து பாடி வர வேண்டும் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். ஒருத்தர் முற்றத்தைப் பெருக்கினார். இரண்டு பேர் பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார்கள். இன்னொருத்தர் தார்ப்பாய் கட்டக் கயிறு இழுத்தார். பேச்சில்லாமல் எல்லாம் நடந்தது. சாகாத ஒரு மனுஷனுக்குச் சாவு வீடு தயாராவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது என் தோளுக்குப் பின்னால், காதருகில், தணிந்த குரலில் ஒரு கேள்வி வந்தது.

“யாருப்பா போயிட்டாங்க?”

திரும்பினால் மானேஜர். போர்டில் இருந்த அதே முகம். நடந்துவிட்டு வந்திருக்கிறார் போல. தலையில் பனித்துளி, கையில் ஒரு பால் பாக்கெட். சந்தின் மேல்பக்கமாக வந்ததால் போர்டைப் பார்க்கவில்லை. அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார். கூட்டம் நிற்பது தன் வீட்டு முற்றம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

பால் பாக்கெட் கீழே விழுந்தது.

“எம்மவளா?” என்றார். “எம்மவளுக்கு என்ன ஆச்சு? ஃபோனை அணைச்சு வச்சிருந்தேனே... யாராச்சும் கூப்பிட்டாங்களா? ஐயோ, ஃபோனை அணைச்சு வச்சிட்டேனே!”

பால்கார அம்மா அவரைப் பார்த்து அலறினாள். கூட்டம் மொத்தமும் திரும்பியது, அப்படியே பின்வாங்கியது. செத்தவன் எழுந்து வந்தால் யார்தான் நிற்பார்கள்? அவருக்கு அது ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொருத்தர் முன்னாலும் போய், மலையாளத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றி, மகளுக்கு என்ன ஆச்சு, சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறார். அவர் கிட்டே போகப் போக அவர்கள் விலகுகிறார்கள். பதில் சொல்ல அங்கே எவனும் இல்லை. பதில் என்னிடம்தான் இருந்தது. அந்த மனுஷன் முட்டி மடங்கிச் சரிவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

“சார், ஒங்க மகளுக்கு ஒண்ணுமில்ல சார். அவங்க நல்லாத்தான் இருப்பாங்க. இது ஒங்களுக்குத்தான் சார். நாங்கதான் போர்டு வச்சோம். மேட்ச் கோபத்துல வச்சிட்டோம்.”

அவர் என்னையே பார்த்தார்.

“எனக்கா?” என்றார். “எம்மவளுக்கு ஒண்ணுமில்லையே?”

“இல்ல சார். ஒங்களுக்குத்தான்.”

“அப்பாடா. எனக்குத்தானா? அப்ப சரி.”

தன் சாவுக்குப் போட்ட நாற்காலியில் ஒன்றை இழுத்து உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைத் தடவிக்கொண்டே, “அப்ப சரி, அப்ப சரி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்கு விஷயம் புரிந்ததும் நாலு கை என் சட்டையைப் பிடித்தது. கன்னத்தில் ஒன்று விழவும் செய்தது. அவர்தான் தடுத்தார். “விடு சேட்டா, விடு. இந்தக் குரல் எனக்குத் தெரியும். ஃபோன்ல கேட்டிருக்கேன். நம்ம டீமுக்குக் கத்துற பையந்தான், கேட்டியா.” கன்னத்தில் விழுந்ததைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வீட்டுக்குள் போய் ஃபோனைப் போட்டு மகளைக் கூப்பிட்டார். “ஒண்ணுமில்லம்மா, சும்மாதான். சாப்ட்டியா?” என்று கேட்பது முற்றம் வரை கேட்டது. அப்புறம் எங்களோடு முக்குக்கு நடந்து வந்து போர்டு முன்னால் நின்றார். பனியில் இரண்டு முகமும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, தலையைக் குனிந்துகொண்டேன். “போட்டோ நல்லாருக்கே! எங்கிட்ட இப்படி ஒண்ணு இல்ல. அழிச்சிடாதே, வச்சிரு” என்றார். நாங்கள் போர்டைக் கழற்றி, படம் கீழே இருக்கும்படி கவிழ்த்து ஆட்டோவில் போட்டோம்.

அதற்கடுத்த வருஷமும் அவர்தான் மானேஜர். டீம் கொஞ்சம் மேலே ஏறியது. அந்த அறுபதாவது நிமிஷத்து முடிவு எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் அதற்கப்புறம் நான் யாரையும் ஃபோனில் கூப்பிட்டுத் திட்டினதில்லை. மைதானத்தில் என்னைக் கண்டால், “என்னப்பா, இந்த வாரம் எனக்கு போர்டு உண்டா?” என்று கேட்டுச் சிரிப்பார். நானும் அசடு வழியச் சிரிப்பேன்.

போன வருஷம், அதே மழை மாசத்தில் ஒரு காலை, கடைக்கு ஒரு பெண் வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. “அண்ணா, அப்பாவோட நல்ல போட்டோ ஒண்ணு உங்க கம்ப்யூட்டர்ல இருக்காமே. எப்பவாச்சும் வேணும்னா இங்க வந்து கேக்கணும்னு சொல்லியிருந்தாங்க” என்றாள்.

மகள்தான். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. பழைய ஃபைலைத் திறந்தேன். விசிலோடு அதே சிரிப்பு, அதே இருட்டு, நான் மழுக்கின அதே கண்கள். படத்தில் தொடுவதற்கு ஒன்றும் இல்லை, எல்லாம் முன்னாலேயே செய்து முடித்திருந்தேன். அடியில் இருந்த வரியை அவள் கண்ணில் படுவதற்குள் அழித்தேன். மடிப்புக்கு இடம் விட்டேன். மற்றபடி மாற்ற வேண்டியிருந்தது தேதி ஒன்றுதான். அதை அடிக்க என் விரலுக்கு வெகுநேரம் ஆயிற்று.

“அப்ப சரி” என்று அன்றைக்கு அவர் சொன்னதை எனக்குக் கிடைத்த மன்னிப்பு என்றே மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் பிழைத்தாள் என்று ஒரு தகப்பன் விட்ட பெருமூச்சுதான் அது என்பதும், மன்னிப்பு என்று ஒன்றை அவரிடம் நான் கேட்கவே இல்லை என்பதும், அந்தப் புதுத் தேதியை அடித்து முடித்தபோதுதான் எனக்கு விளங்கியது.