நீலப் படகில் அத்தையின் முகம்

டோல்கேட் சிக்னலில் எங்கள் பேருந்துக்கு முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி. அதன் பின்கதவில் ஸ்டென்சில் வைத்து அடித்த எண்களில் ஓர் எட்டு. அதன் வட்டங்கள் முழுதாக மூடவில்லை, அங்கங்கே சின்ன இடைவெளி. ஸ்டென்சில் தகட்டில் எட்டை அப்படியே வெட்டினால் உள்வட்டம் கழன்று விழுந்துவிடும். அதனால் பாலம் மாதிரி கொஞ்சம் தகட்டை விட்டு வைக்கிறார்கள். அதேதான், அதேதான் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

அத்தை காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர். அந்த வருஷம்தான் தன் பெயரிலேயே ஒரு விசைப்படகு வாங்கியிருந்தார். மீன்பிடித் தடைக்காலத்தில் அதைக் கரையேற்றி நீலம் பூசியாயிற்று. மற்ற படகுகளில் நடிகர் படமோ தலைவர் படமோ இருக்க, தன் படகின் முன்பக்கத்தில் தன் முகம்தான் வேண்டும் என்றார். படகு ஓட்டும் டிரைவர் சிரித்தார்.

"உன் மூஞ்சியப் பாத்தா வலைல மாட்ன மீனும் திரும்பிப் பூடும்க்கா."

பெயிண்டருக்கோ எழுத்துதான் வரும், முகம் வராது. போட்டோவிலிருந்து கம்ப்யூட்டரில் ஸ்டென்சில் செய்து தருகிறேன் என்று நான் வாய் கொடுத்துவிட்டேன். அத்தை ஒரே நிபந்தனை போட்டார்.

"வேற எவ மூஞ்சியாச்சும் வந்துச்சு, மேலயே நீலம் அட்ச்சுடுவேன்."

போன் செயலி அத்தையை இருபது வயது, செக்கச் சிவந்த பெண்ணாக்கியது. அதை அழித்துவிட்டு நானே ஒரு புரோகிராம் எழுதினேன். முகத்தில் வெளிச்சம் விழும் இடத்தையெல்லாம் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டிவிட வேண்டும். அங்கே வெள்ளை பெயிண்ட் இறங்கும். நிழல் மட்டும் ஷீட்டாக நிற்கும். வெட்டித் தூக்கினேன். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் கண்ணும் வாயும் பொத்தென்று மடியில் விழுந்தன.

லாரியில் அந்த எட்டைப் பார்த்த அன்றே பாலம் சேர்த்தேன். புரோகிராம் குறுக்கு வழியில் பாலம் போட்டதில் அத்தை வெட்டுப்பட்ட ரவுடி போல வந்தார். அப்புறம்தான் உறைத்தது, முகத்திலேயே கோடுகள் இருக்கின்றனவே என்று. ஆனால் என்னிடம் இருந்தது ஸ்டூடியோவில் வழவழவென்று தேய்த்த படம். உச்சி வெயிலில், ஐஸ் லாரிக்காரரை அத்தை திட்டிக்கொண்டிருந்தபோது புதிதாக ஒன்று எடுத்தேன். கண்ணோரச் சுருக்கம் கண்ணைத் தலைமுடியோடு பிடித்துக்கொண்டது. மூக்கோரக் கோடு மூக்கையும் வாயையும் தாடைவரை இழுத்துக் கட்டியது. ஒரு துண்டுகூட விழவில்லை.

தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருக்கையில் பெயிண்டர் வெள்ளை அடித்து ஷீட்டை உரித்தார். அத்தை பார்த்துக்கொண்டே நின்றார். நான் நீலப் பெயிண்ட் டப்பாவை மெல்லப் பின்னால் தள்ளி வைத்தேன். அந்த வழியாக வந்த ஐஸ் லாரிக்காரர்தான் வண்டியை நிறுத்தித் தலையை நீட்டினார்.

"இன்னாக்கா, அங்கேர்ந்தும் என்னியத்தான் திட்டிகினு கீறியா?"

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பெயிண்டரிடம், "இன்னொரு கோட்டிங் குடு நைனா, உப்புத் தண்ணில பூடக் கூடாது" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று மதியமே படகு டிரைவர் தன் போனை என்னிடம் நீட்டினார். அவருடைய ஆறு மாத மகள். படகின் பின்பக்கத்தில் இவள் வேண்டுமாம். பலூன் மாதிரி முகம், ஒரு கோடு கிடையாது. கண்ணை எதோடு கட்டி நிறுத்துவது? அழும்போது ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.