சைதலவி அறிவித்த மூன்றாவது அணி

மிளகையும் பனங்கற்கண்டையும் ஒன்றாக வாயில் அடக்கிக்கொண்டு, ஜீப்பின் முன்சீட்டில் ஒரு காலைத் தொங்கவிட்டபடி, மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்து அரீக்கோடு கடைத்தெருவைக் கலக்கிக்கொண்டு போகிறார் சைதலவி. "காலைப் பறிகொடுத்தாலும் பந்தைப் பறிகொடுக்காத காளைகள் இன்னிக்கி மோதுறாங்க. வீட்டுல உலை கொதிச்சா கொதிக்கட்டும், எல்லாரும் வந்துருங்க." மீன்கடைக்காரர் தராசைத் தூக்கிப் பிடித்தபடியே நின்று கேட்கிறார். நேற்று மூன்று கோல் விழும் என்று சொன்னீர்களே, ஒன்றுகூட விழவில்லையே என்று யாராவது சீண்டினால் பதிலும் மைக்கிலேயே வரும். "விழுந்துச்சு. நீ கடலை உரிச்சிக்கிட்டு இருந்தே."

பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தாட்டம்தான் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு உயிர். அறுவடை முடிந்த வயலில் இரும்புக் குழாய்களை முடுக்கிக் கேலரி கட்டி, நான்கு மூலையிலும் விளக்குக் கம்பம் நட்டுவிட்டால், மழை வரும்வரை யாருக்கும் சோறு தண்ணி வேண்டாம். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வயலின் குரல் சைதலவிதான். மழைக்காலத்தில் அவருக்கு ஒரு பசுவும் கொஞ்சம் பாக்குத் தோப்பும் உண்டு. ஆனால் அப்போதும் வாய் சும்மா இருக்காது. சாப்பிட உட்கார்ந்தால், 'வலதுபுறத்திலிருந்து ஆயிசாபி அரிசிப் பத்திரியோடு முன்னேறுகிறார்' என்று தொடங்கிவிடுவார். மனைவி ஆயிசாபி கரண்டியால் அவர் கையில் ஒன்று போட்டு, ஃபவுல் என்பாள்.

ஆட்டம் நடக்கும்போது அவர் பந்தைப் பார்ப்பதே இல்லை. கண் கேலரிமேல்தான். ஐயாயிரம் பேர் ஒன்றாக மூச்சை இழுப்பதைப் பார்த்தாலே கோல் வரப்போகிறது என்று தெரிந்துவிடுமாம். ஆட்டத்துக்கு முன் அணிகளை அறிவிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதலில் சட்டை எண், பிறகு ஊர், கடைசியில் பெயர். "பத்தாம் நம்பர், வண்டூர் பெத்தெடுத்த சிராஜ்" என்று இழுத்து நிறுத்துவார். ஒவ்வொரு பெயருக்கும் செண்டை அதிரும், குழல் ஊதும், கேலரியின் குழாய்கள் கிடுகிடுவென்று ஆடும்.

கறுப்பு ஆட்டக்காரர்களுக்கு மட்டும் ஊரும் கிடையாது, பெயரும் கிடையாது. கானாக்காரரானாலும் ஐவரி கோஸ்ட்காரரானாலும் இங்கே எல்லாரும் 'சூடானி'தான். இந்தப் பழக்கத்தை யார் தொடங்கி வைத்தார்களோ தெரியாது, மைக்கில் போட்டு ஊரெல்லாம் பரப்பியவர் சைதலவி. இத்தனை வருஷத்தில் சூடானிலிருந்து ஒரே ஒருவர்கூட அந்த வயலில் கால் வைத்ததில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதும் இல்லை.

போன சீசனில் ஒருநாள் காலை, பசுவுக்குக் கடலைப் பிண்ணாக்கை ஊறப்போட்டுக்கொண்டே கைபேசியில் செய்தி கேட்டார். சூடானில் போர். அல் ஃபாஷிர் என்ற ஊரைச் சுற்றி வளைத்து மாதக்கணக்காகிறது, உள்ளே தானியம் இல்லை, ஜனங்கள் மாட்டுக்கு வைக்கிற கடலைப் பிண்ணாக்கைத் தின்கிறார்கள் என்றது செய்தி. சைதலவி தன் கையைப் பார்த்தார். முழங்கைவரை பிண்ணாக்கு. அன்றைக்கு ஜீப்பில் அவர் குரல் எழும்பவே இல்லை. என்ன இக்கா, கற்கண்டு தீர்ந்துபோச்சா என்று டிரைவர் கேட்டதற்கு, "அவங்க பேரச் சொல்லித்தான்டா இத்தன வருசமா கத்திக்கிட்டு இருந்தேன்" என்றாராம்.

அடுத்து அவர் செய்தது இந்த ஊர்க்காரன் ஒருவனுக்குத்தான் தோன்றும். ஆயிசாபியைப் படுத்தியெடுத்து, ஒரு தூக்கு நிறைய நெய்ச்சோறும் மாட்டுக்கறியும் வாங்கிக்கொண்டு, 'சூடானி' ஆட்டக்காரர்கள் தங்கியிருந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனார். அங்கே வார்னி துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஆறு சீசனாக இங்கே ஆடுகிறவர், நம் பேச்சு நம்மைவிட நன்றாகப் பேசுவார். சைதலவி அவர் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் ஊருக்கு இப்படி ஒரு கஷ்டம் வந்துவிட்டதே என்று கண்கலங்கினார். வார்னி மற்ற கையில் இருந்த துணியை வாளியில் போட்டார்.

"இக்கா, எங்க ஊர் லைபீரியா. சூடானுக்கும் எங்களுக்கும், இங்கேயிருந்து அரபு நாட்டுக்குப் போற தூரம் இருக்கும்."

சைதலவிக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தார். வார்னி விடவில்லை. "கறிய வெச்சிட்டுப் போங்க. எங்க ஊர்லயும் சண்ட நடந்துச்சு, நான் சின்னப் புள்ள. பசின்னா என்னன்னு எனக்குத் தெரியும்." அப்புறம் இருவரும் சேர்ந்தே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சைதலவி அன்று அதிகம் பேசவில்லை என்று வார்னி இன்னும் ஆச்சரியத்தோடு சொல்கிறார்.

அரையிறுதி ஆட்டத்துக்கு முன்னால் சூடானுக்காக ஒரு நிமிஷம் மௌனம் வேண்டும் என்று கமிட்டியிடம் கெஞ்சி வாங்கினார். தலைவர் வாப்பு ஹாஜி, போனால் போகிறது என்று விட்டார். இரண்டு அணியும் வட்டமாக நின்றன. மௌனம் தொடங்குகிறது என்பதற்கு ரெஃபரி விசில் ஊதினார். அங்கேதான் வந்தது வினை. இந்தக் கேலரி பிறந்ததிலிருந்து விசிலுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் அதற்குத் தெரியும். விசில் கேட்டதும் ஐயாயிரம் பேரும் ஓவென்று எழுந்தார்கள். செண்டை முழங்கியது, வாணம் சீறியது, தலைகுனிந்து நின்ற ஆட்டக்காரர்கள்மேல் காகிதப் பூ கொட்டியது. சைதலவி இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கெஞ்சினார். அவர் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இன்னும் கத்தினார்கள்.

மறுநாள் டீக்கடையில் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். வாப்பு ஹாஜிக்கோ கோபம் அடங்கவில்லை. "கல்யாண வீட்டுல வந்து ஒப்பாரி வெக்காதே சைதலவி. ஃபைனல்ல சூடான் கீடான்னு ஒரு வார்த்த வந்துச்சு, மைக்க அந்தக் கொண்டோட்டிக்காரன் கையில கொடுத்துருவேன். அப்புறம் எந்த சீசனுக்கும் உனக்கு மைக் கிடையாது." கொண்டோட்டிக்காரன் புதிதாகக் கிளம்பிய அறிவிப்பாளன், காலேஜ் படித்தவன், குரலும் தேன்தான். மைக் போனால் சைதலவி யார்? பசு வைத்திருக்கிற ஒரு மனுஷன், அவ்வளவுதான். அது அவருக்கும் தெரியும், ஹாஜிக்கும் தெரியும். ஹாஜியின் முன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து ஆயிசாபியிடம், நாம் யார், எங்கேயோ நடக்கிற சண்டைக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று புலம்பினார். அவள் கறி கிண்டிக்கொண்டே, "கத்த முடியும்ல, அதச் செய்யுங்க" என்றாள்.

அல் ஃபாஷிரில் பொதுச்சமையல் நடத்தும் ஒரு பெண், பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் பெயரும் வயதும் கேட்டுக்கொண்டே போகும் காட்சி ஒன்று அவர் கைபேசிக்கு வந்திருந்தது. சைதலவிக்கு மதரஸாவில் படித்த அரபிதான் தெரியும். பெயருக்கும் எண்ணுக்கும் அது போதும். வழக்கமாக அணிகளை எப்படி மனப்பாடம் செய்வாரோ அப்படி, பாக்கு உரித்துக்கொண்டும் பால் கறந்துகொண்டும் அதைக் கேட்டுக் கேட்டு உருப்போட்டார்.

ஃபைனல். குழாய்க் கேலரி தாங்காமல் மரத்திலும் மதிலிலும் ஆள். மேடையில் வாப்பு ஹாஜி புது வேட்டியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தயாராகக் கொண்டோட்டிக்காரன். சைதலவி இரண்டு அணிகளையும் அறிவித்தார். அப்படி ஒரு அறிவிப்பை இந்த வயல் கேட்டதில்லை என்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் வயலே எழுந்து உட்கார்ந்தது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னும் ஒரு டீம் இருக்கு" என்றார்.

கேலரி குஷியாகிவிட்டது. அடுத்த சீசனுக்கு ஹாஜி புது அணி இறக்கப்போகிறார் போல என்று செண்டைக்காரர்கள் கோலை ஓங்கிக்கொண்டார்கள்.

"பதினோராம் நம்பர், அல் ஃபாஷிர் பெத்தெடுத்த ஹாரூன்."

செண்டை இடித்தது.

"ஒன்பதாம் நம்பர், அல் ஃபாஷிர் பெத்தெடுத்த இத்ரீஸ்." குழல் ஊதியது. ஏழாம் நம்பர் யஹ்யாவுக்கு மதில்மேல் இருந்தவர்கள் துள்ளியதில் ஒருவர் கீழேயே விழுந்தார். ஐந்தாம் நம்பர் ஆதமுக்கு வாணம் விட்டார்கள். சைதலவியின் குரல் ஏறிக்கொண்டே போனது, ஜனங்களும் கூடவே ஏறினார்கள்.

"மூணாம் நம்பர், கோல்கீப்பர், அல் ஃபாஷிர் பெத்தெடுத்த ஹவ்வா."

செண்டை பாதியில் நின்றது. ஹவ்வா பெண்பிள்ளைப் பெயர் ஆயிற்றே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சைதலவி மைக்கை உதட்டிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தார். அவர் சாதாரணமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நம்பரெல்லாம் அவங்க வயசு. இந்த டீம் எங்கயும் ஆட வராது, கஞ்சிக்கு வரிசையில நிக்கிறாங்க. கஞ்சி இல்லாத அன்னிக்கி, என் மாடு திங்கிற பிண்ணாக்கத் திங்கிறாங்க. நெசமான சூடானி இவங்கதான். இவங்க பேர இத்தன வருசம் யார் யாருக்கோ வெச்சிக் கூப்பிட்டுட்டேன். இன்னிக்கித்தான் இவங்களக் கூப்பிட்டேன்."

யாரும் கேட்காமலே கேலரி உட்கார்ந்தது. முதலில் ஒரு பக்கம், பிறகு எல்லாப் பக்கமும். கடலை விற்பவர் கூடையைக் கீழே வைத்தார். விளக்கைச் சுற்றும் பூச்சிகளின் சத்தம் கேட்டது. மைக்கை வாங்க மேடையிலிருந்து எழுந்த கொண்டோட்டிக்காரன் எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டான். வாப்பு ஹாஜி அவனைப் போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. மைதானத்தில் வார்னி தலைகுனிந்து நின்றார்.

நேரமாகிறதே என்று ரெஃபரி கடிகாரத்தைப் பார்த்தார், விசிலை எடுத்து வாயில் வைத்தார். சைதலவி மைக்கை மார்போடு அணைத்துப் பொத்திக்கொண்டு, அவரைப் பார்த்து இன்னொரு கையின் உள்ளங்கையை உயர்த்தினார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. கையை இறக்கவில்லை.