ஆனந்திக்குக் களைப்பு இல்லை

ஆனந்தியும் நானும் செண்பகனூரில் ஒரு பள்ளி விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். நான் விரிப்புகளை மடிப்பேன், அவள் இஸ்திரி போடுவாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தது இங்கேதான் என்றாலும் தோட்டத்துப் பேச்சு இன்னும் நாக்கில் இருக்கிறது. முடியாது என்று சொல்ல மாட்டாள், ஏலாது என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு அவளுக்கு ஒரு கண் மங்கியது. அது தெளிந்ததும் கால் மரத்தது. ஸ்கேன் பார்த்த நரம்பு டாக்டர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். நரம்பின் மேலுறை அங்கங்கே சேதமாகிற நோயாம். கண்ணும் காலும் ஓரளவு தேறிவிட்டன. தேறாதது ஒன்றுதான். காலையில் நன்றாக இருப்பவள் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஒரு மணி நேரம் நின்றால் கை தானாகத் தொங்கிவிடும். தண்ணீர்ச் செம்பைக்கூடத் தூக்க மாட்டாள். தூங்கி எழுந்தாலும் அது போகாது. இந்த நோய்க்குச் சூடு ஆகாது என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

இதை எங்கள் மேற்பார்வையாளர் ராஜகுமாரி அக்காவுக்குப் புரியவைக்க முடியவில்லை. பட்டன் தைக்கும் மேசை ஜன்னலோரம் இருக்கிறது. பனிக்காற்று நேராக அடிக்கும். தன்னை அங்கே மாற்றச் சொல்லி ஆனந்தி கேட்டாள்.

“மார்கழிக் குளிர்ல எல்லாவளும் இஸ்திரி ரூமுக்குத்தான் அடிச்சுக்கிறாளுக. மகாராணிக்கு மட்டும் சூடு ஆகாதாக்கும்” என்றார் அக்கா. “ஒடம்பு வணங்கலைன்னு நேரா சொல்லு. இல்லையா, டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வா. திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் வேற ஆளு போட்டுருவேன்.”

அந்த வெள்ளிக்கிழமைதான் நரம்பு டாக்டர் மலைக்குக் கீழிருந்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வரும் நாள். துணைக்கு நான் போனேன். டாக்டரைப் பார்ப்பதற்கு முன் நர்ஸ் சண்முகப்பிரியா ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். களைப்பை அளக்கிற படிவம். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மார்க். கூட்டினால் குறைந்தது முப்பத்தாறு வந்தால்தான் லெட்டர் என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

“சின்ன வேலைக்கே களைப்பு வருதாக்கா?”

“இல்லீங்க சிஸ்டர்.”

“களைப்பால வீட்டு வேலை கெட்டுப்போகுதா?”

“வீட்ல நான் ஒரு சோலியும் பாக்குறதில்லையே. எங்க வீட்டுக்காரருதான் ஆக்குறாரு. வேலை செய்யாம களைப்பு எங்கருந்து வரும்?”

நான் பல்லைக் கடித்தேன்.

“செய்ய மாட்டீங்களா, ஏன்?”

“ஏலாது.”

“பதில் சொல்ல ஏலாதுன்னா பரவால்லக்கா, ஒன்னு போட்டுக்கறேன்.”

ஒன்பதும் முடிந்து கூட்டிப் பார்த்தாள். பதினாறு. “நல்ல சேதிதானக்கா. களைப்பே இல்ல ஒங்களுக்கு” என்றாள். அதற்கும் ஆனந்தி சிரித்து வைத்தாள். அவளைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆஸ்பத்திரியில் காட்டிய இடத்தில் உட்கார்ந்துதான் பழக்கம். ஆனால் திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்தான் இருந்தது.

“சிஸ்டர், இவங்க பேச்சுல களைப்புன்னா பாடுபட்டு வர்றது” என்றேன். “நாளெல்லாம் கொழுந்து பறிச்சுட்டு வந்து ஒக்காந்தா, அது களைப்பு. அது இவளுக்குப் பெருமையான சமாச்சாரம். இது சும்மா இருக்கையிலேயே வருது. களைப்புங்கற எடத்துல ஏலாமைன்னு வச்சுக் கேட்டுப் பாருங்க.”

“ஃபார்ம்ல களைப்புன்னுல்ல அடிச்சிருக்கு? நான் எப்படிங்க மாத்துறது?”

“மாத்த வேணாம். வாயால கேளுங்க.”

பின்னால் வரிசை நின்றது. சண்முகப்பிரியா பெருமூச்சு விட்டுப் புதுத் தாள் ஒன்றை எடுத்தாள்.

“சின்ன வேலைக்கே ஏலாமப் போகுதாக்கா?”

“ஆமா சிஸ்டர். நேத்து சடை பின்ன எடுத்த கை பாதியில எறங்கிருச்சு. மிச்சத்த எம்மகதான் பின்னிவிட்டா.”

ஆறு போட்டாள். அடுத்ததற்கு ஏழு. கூட்டல் முடிந்ததும் இன்னொரு தரம் கூட்டினாள். ஐம்பத்துநாலு.

டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஒரே ஆளு. அரை மணி நேரத்துல பதினாறும் அம்பத்துநாலுமா? எதும்மா சரி?”

“ரெண்டும் சரிதாங்க” என்றாள் ஆனந்தி. “களைப்பு பதினாறு. ஏலாமை அம்பத்துநாலு.”

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவர் பேனாவைத் திறந்தார்.

இப்போது ஆனந்தி ஜன்னலோரம் பட்டன் தைக்கிறாள். அவள் இடத்தில் நான் இஸ்திரி போடுகிறேன். லெட்டர் வாங்கிக் கொடுத்தும் ராஜகுமாரி அக்காவுக்குச் சந்தேகம் போகவில்லை. வாரம் ஒருமுறை அந்த மேசைப் பக்கம் போய், “என்ன ஆனந்தி, களைப்பு எப்படி இருக்கு?” என்பார்.

“களைப்பா? எனக்கு எப்பக்கா இருந்துச்சு?” என்பாள் இவள்.

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அந்த மேசைக்கு ஓடுவேன்.