எல்லா வண்டிக்கும் பொருந்தும் கேபிள்

கிளட்ச் அக்கா இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பொறுமைதான் ஓட்டுநரின் முதல் குணம் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார், கத்தித்தான் சொல்வார். பயிற்சிப் பள்ளி என்பது அவரும் ஒரே ஒரு காரும். அந்தக் காருக்கு அன்று மாலை நான்கு மணிக்குள் தகுதிச் சோதனை முடிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் ஓட்டுநர் தேர்வுக்குப் போகும் அவருடைய ஆறு மாணவர்களுக்கும் வண்டி இல்லை.

சோதனையில் அதிகாரி இன்ஜின் எண்ணைப் பார்ப்பார். எதற்கும் முன்கூட்டியே துடைத்து வைப்போம் என்று காலையில் அக்கா ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த பானட் பிடியை இழுத்தார். அது எந்த எதிர்ப்பும் காட்டாமல் வந்தது. உள்ளே கேபிள் அறுந்திருந்தது. எண்ணும் இன்ஜினும் பானட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தன.

காரை நேரே மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனார். மெக்கானிக்கும் அவரிடம் ஓட்டக் கற்றவர்தான். நாற்பது வயதாகிறது. எந்த வண்டியையும் பிரித்துப் பூட்டிவிடுவார். அக்கா பக்கத்தில் நின்றால் மட்டும் ஸ்பேனர் நழுவும்.

“கம்பெனி கேபிள் வர மூணு வாரம் ஆகும்க்கா. வெளி பார்ட்ஸ் கையில இருக்கு. அப்படியே போய் உட்காரும்.”

“உட்கார அது என்ன விருந்தாளியா? இழுத்தா திறக்குமா, அதைச் சொல்லு தம்பி.”

“சும்மா ஜம்முனு உட்காரும்க்கா.”

பெட்டியின் மேல் ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று அச்சிட்டிருந்தது. எல்லாருக்கும் நல்லவனான தன் அண்ணன் ஒரு காரியத்துக்கும் உதவியதில்லை என்பது அக்காவுக்கு நினைவு வந்தது. ஆனால் மணி பதினொன்று. “மாட்டு” என்றார்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, நீள ஸ்குரூ டிரைவரை மேலே செலுத்தி, பானட் லாக்கைத் தேடினார். நாற்பது நிமிடம் தேடினார். “லெஃப்ட்ல பாரு. நான் சொன்னது உன் லெஃப்ட் இல்ல, வண்டியோட லெஃப்ட்” என்று அக்கா மேலிருந்து பாடம் நடத்தினார். கடைசியில் பானட் திறந்தது. பழைய கேபிளின் முனையில் புதியதைக் கட்டி இழுத்து, ஒரு முனையை லாக்கில் மாட்டிவிட்டு, மறுமுனையைப் பிடியில் மாட்ட மெக்கானிக் காருக்குள் தலையை நுழைத்தார். கால்கள் மட்டும் வெளியே இருந்தன.

அந்த நேரம் பார்த்து அக்காவின் கணவர் வண்டிக் காகிதங்களோடு வந்து சேர்ந்தார். நூலகத்தில் வேலை, சாதுவான மனிதர். அக்கா திறந்து போட்டுவிட்டுப் போகும் அலமாரி, டப்பா, குழாய், பேனா எல்லாவற்றையும் பின்னாலேயே மூடிக்கொண்டு வருவது அவர் வழக்கம். அந்தக் குடும்பம் இத்தனை காலம் தகராறில்லாமல் ஓடியதற்கு அதுதான் காரணம். பானட் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்தார். தாங்கு கம்பியை மடக்கினார். மூடினார்.

டப்.

“மாமா!” என்றன கால்கள்.

“என்னங்க பண்ணீங்க?”

“திறந்து கிடந்துச்சும்மா.”

“திறக்கறதுக்குத்தாங்க காலையிலேருந்து உயிர் போகுது!”

மெக்கானிக் பிடியை இழுத்தார். பிடி வந்தது, பானட் வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். அக்காவும் இழுத்துப் பார்த்தார்.

“கம்பி ஒரு விரக்கடை நீளம் ஜாஸ்திக்கா. தொளதொளங்குது.”

“உட்கார்ந்திருக்கா?”

“நல்லா உட்கார்ந்திருக்குக்கா.”

“எழுப்பு!”

நீளமாக இருந்ததே ஒரு வழியில் உதவிற்று. பிடியிலிருந்து கம்பியைக் கழற்றி, குறடால் கவ்வி, இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து அக்காவே ஓர் இழுப்பு இழுத்தார். பானட் துள்ளித் திறந்தது. தாங்கு கம்பி சும்மா இருக்க, கணவர் ஓடிப்போய் இரண்டு கையாலும் பானட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அவரை இறக்கச் சொல்லவில்லை.

“கேபிளோட உறைக்கும் பிடிக்கும் நடுவுல ஏதாவது முட்டுக் கொடுத்தா தொய்வு போயிடும்” என்றார் மெக்கானிக். கணவர் சட்டைப் பையைத் தாடையால் காட்டினார். பால் பாயின்ட் பேனா. அதன் குழாயில் ஒரு விரற்கடை வெட்டி, நீளவாக்கில் கீறி, கம்பியின் மேல் மாட்டி, கம்பியைத் திரும்பப் பிடியில் கோத்தார்கள். இம்முறை மெக்கானிக் பானட்டை மூடாமலே, லாக்கை ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பூட்டிப் பிடியை இழுத்தார். டக்கென்று விட்டது. பத்து முறை பூட்டினார், பத்து முறையும் விட்டது. பதினோராவதை அக்கா தடுத்தார். “விடு, தேஞ்சிடப் போகுது.”

மூன்றே முக்காலுக்குச் சோதனைத் திடலில் அதிகாரி, “பானட்டைத் திறங்க” என்றார். அக்கா இழுத்தார். திறந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எந்த மாணவருக்காகவும் அவர் அப்படி மூச்சைப் பிடித்ததில்லை. அதிகாரி எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ள ஆன நேரம் பத்து விநாடி.

மறுநாள் ஆறு பேரும் தேர்வுக்குப் போனார்கள். நால்வர் தேறினார்கள். மற்ற இருவரும் திடலிலிருந்து இறங்கிய வேகத்தில், “டீச்சர், வண்டி சரியில்ல” என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

“வண்டி நேத்தே பாஸாயிடுச்சு” என்றார் கிளட்ச் அக்கா. “நீங்க ரெண்டு பேருந்தான் பாக்கி. ஏறுங்க.”