கஸ்டடி எனக்கு, ஞாயிறு அவருக்கு

நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் பில் போடும் பெண், கணவனைப் பிரிந்து அம்மா வீட்டில் இருக்கிறாள். கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. போன வாரம் மதியச் சாப்பாட்டின்போது டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, ஃபுல் கஸ்டடி கெடச்சிட்டா புள்ள முழுசா எனக்குத்தான? அந்த ஆளு வந்து பாக்க முடியாதில்ல?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன்.

என்னைக் கட்டியவர் வீராம்பட்டினத்துக்காரர், கடலுக்குப் போகிறவர். நான் டவுனுக்குள் சாரம் பகுதியில் பிறந்தவள், என் அப்பா மில் தொழிலாளி. விரும்பித்தான் கல்யாணம் செய்துகொண்டோம். குடி, அடி என்று எங்களுக்குள் எதுவும் கிடையாது. ஒரு மழைக்காலத்தில் அவர் போன படகு திரும்பவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையிலேயே நின்றேன். மறுநாள் வேறொரு குப்பத்தில் கரையேறி, அங்கிருந்து பஸ் பிடித்து, சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேற வேல பாருங்க" என்றேன்.

"எனக்கு வேற இன்னா தெரியும்?" என்றார்.

அந்தப் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஓயவே இல்லை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் சண்டை வந்தது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் அவளைக் கூட்டிக்கொண்டு சாரத்துக்கு, அப்பா வீட்டுக்கே வந்து, கஸ்டடி கேட்டு வழக்கும் போட்டேன்.

என் வழக்கறிஞர் பொறுமையான அம்மா. "ஃபுல் கஸ்டடின்னா புள்ள உங்ககூட இருக்கும். எந்த ஸ்கூல், எந்த ஆஸ்பத்திரி, எல்லாம் நீங்கதான் முடிவு பண்ணணும். அதுக்காக அவரு அப்பா இல்லன்னு ஆயிடாது. வந்து பாக்கறதுக்கு நாள் குடுப்பாங்க" என்றார். முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. புள்ள என்கூட.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, பொது இடத்தில் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது. இரண்டு பேருக்கும் தோதாக இருக்கட்டும் என்று நோணாங்குப்பம் சுற்றுலாப் படகுத் துறையைக் குறித்தார்கள். வெளியே வந்ததும் அவர் தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கெழமையா? அன்னிக்கித்தான மீனு நல்லா போவும்?" அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் உள்ளுக்குள் சிரிப்பு வந்து, அதை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முதல் ஞாயிறு, மீன் ஏலத்தைத் தன் அண்ணனிடம் விட்டுவிட்டு எங்களுக்கு முன்பே வந்து நின்றார். சந்தன சோப்பு வாசனை தூக்கலாக இருந்தது. மகள் அவர் சட்டையில் மூக்கை வைத்து, "அப்பா, உள்ள மீனு வாசன அடிக்குது" என்றாள். குழந்தையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. எனக்கு மனசு வரவில்லை. எதிரில் இருந்த மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படகில்தான் ஏற வேண்டும். அவர் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தார். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைப் போடச் சொன்னார்கள். சுற்றுலா வந்தவர்களுக்கு நடுவில், அந்த ஜாக்கெட்டைக் கழுத்துவரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். விவரம் தெரியாமல் படகோட்டி, "அண்ணே, கெட்டியா புடிச்சிக்கோங்க, பயப்படாதீங்க" என்றார். இவரும் "சரிப்பா" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். மகள் சிரித்த சிரிப்பு கரையில் இருந்த எனக்கே கேட்டது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் நான் வீட்டுக்குப் போகப் பழகினேன். துணி துவைத்துப் போட்டுவிட்டுப் படுத்தால் அப்படி ஒரு தூக்கம் வரும். மாலையில் போய் நிற்கும்போது மகளின் கையில் பலூனோ சோளமோ இருக்கும், அவர் கையில் சுத்தம் செய்த மீன் பொட்டலம். "புள்ளைக்கு வறுத்துக் குடு" என்று நீட்டுவார். வாங்கிக்கொள்வேன். அதற்கு மேல் பேச்சில்லை.

மகள் நான்காவது படிக்கும்போது பள்ளிக்கூடத்து ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்கை எலும்பு விலகிவிட்டது. அன்று புதன்கிழமை. அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், மயக்க மருந்து கொடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். "அப்பா வரலியா?" என்று கேட்டார் நர்ஸ்.

"நான் போட்டாப் போதும்" என்றேன்.

போதும்தான். சட்டப்படி என் ஒரு கையெழுத்து போதும். ஆனால் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு படிவத்தை இரண்டு முறை படித்தேன். எல்லாம் நீங்கதான் முடிவு பண்ணணும் என்று வழக்கறிஞர் அம்மா சொன்னது இதைத்தானா என்று அப்போதுதான் உறைத்தது. ஏதாவது ஆகிவிட்டால் பாதியை ஏற்றுக்கொள்ளப் பக்கத்தில் யாருமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

கரையிலிருந்து அப்படியே வந்துவிட்டார். லுங்கியில் ஈரம், காலெல்லாம் மணல். சிகிச்சை நல்லபடியாக முடிந்து மகள் வார்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க" என்றேன்.

தயங்கினார். "இன்னிக்கி ஞாயித்துக்கெழம இல்லியே. வரலாமா?"

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலோரம் உட்கார வைத்தேன். பிரிந்து வந்தபின் அவரைத் தொட்டது அன்றுதான்.

மற்ற நாளிலும் அவர் மகளைப் பார்க்கலாமா என்று மறுவாரம் வழக்கறிஞரிடம் போனில் கேட்டேன். "ரெண்டு பேரும் ஒத்துப்போவலன்னாதான் அந்த ஞாயித்துக்கெழம கணக்கு. மனசொத்து அதுக்கு மேல குடுத்தா யாரு வாணாம்னு சொல்லப்போறாங்க?" என்றார்.

அதன்பிறகு அவருடைய வேலைக்கு ஏற்றபடி நாள் பார்த்துக்கொண்டோம். மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் மணலில் ஏறிக் கிடக்கும். அவருக்கும் வேலை இருக்காது, மகளுக்கும் கோடை விடுமுறை. கொண்டுபோய் வீராம்பட்டினத்தில் விட்டுவிடுவேன். கறுத்துப்போய், தலையெல்லாம் உப்பும் சிக்குமாகத் திரும்பி வருவாள். அந்த ஊர்க் கோயில் ஆடித் தேருக்கு மூன்று பேரும் போவோம். கூட்டத்தில் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் முன்னால் போவார், நான் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். பார்க்கிறவர்கள் நாங்கள் சேர்ந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் சேரவில்லை. காற்று பலமாக அடித்தால் இப்போதும் எனக்குப் பயம்தான்.

மகளுக்குப் பதினெட்டு முடிந்தபோது அந்த உத்தரவும் தன்னால் முடிந்துபோனது. எந்தக் கல்லூரி என்று மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் அது யாருக்கும் ஞாபகமில்லை. கடைசியில் அவள் இஷ்டப்படி கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தாள். இப்போது வீட்டில் எல்லா நாளும் ஒரே அமைதி. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் மட்டும் வருவதில்லை.

பில் போடும் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கெடச்சா உன்கூடத்தான் இருக்கும்" என்றேன். "ஆனா புள்ளைக்கு ஜுரம்னு வச்சிக்கோ, யாருக்கு மொதல்ல போன் பண்ணுவ?"

அவள் சாதத்தைப் பிசைந்தபடி இருந்தாள். "அவருக்குத்தான்" என்றாள். அதற்குள் கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இருவரும் கை கழுவ எழுந்தோம்.