சூரியநெல்லிக்கு விலை பார்க்கப் போனது

மாநிலங்கள் பிரிந்து பாலக்காடு கேரளத்தோடு சேர்ந்ததற்கு அடுத்த வருஷம் என்று நினைக்கிறேன். அப்போது பாலக்காட்டில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தேன். வெளிநாட்டுக் கார்கள் வருவது ஏறக்குறைய நின்றுபோனதால் பழைய வண்டிகளுக்குக் கிராக்கி. வாங்க நினைப்பவர்கள் முதலில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். ஆரம்பத்தில் அது பெருமையாகத்தான் இருந்தது. போகப் போக அலுத்துவிட்டது. குறைத்துச் சொன்னால் விற்பவனுக்குக் கோபம். வாங்கியவனோ ஆறு மாதம் கழித்து கிளட்ச் தேய்ந்தாலும் என் கடை வாசலில்தான் வந்து நிற்பான்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கவுண்டர் ஒருவர், பெரிய விவசாயி, ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். வாலிப வயதில் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரை ஓட்டிப் போவதைப் பார்த்தாராம். இரண்டே பேர் உட்காரக்கூடிய திறந்த வண்டி, கம்பிச் சக்கரம், பானட்டுக்குக் குறுக்கே தோல் வார். துரை ஊருக்குக் கப்பலேறும்போது அதைத் தன் தேயிலை ஃபாக்டரியில் இலை பதம் பார்க்கும் டீ மேக்கருக்கு விற்றுவிட்டுப் போனதாகவும், அவர் இப்போது அதைக் கொடுக்கப்போவதாகவும் கேள்விப்பட்டிருந்தார்.

"ஏனுங்க பாய், நீங்க ஒருக்காப் போயிப் பாத்துப்போட்டு வாங்க. வெல கெடக்குது. வண்டி நல்லாருக்குதான்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

எனக்கு அந்த வருஷம் முதுகு வலி. ஆனாலும் கவுண்டர் பழைய வாடிக்கை, தட்ட முடியவில்லை. உடுமலைப்பேட்டை போய் பஸ் மாறி, மறையூர் வழியாக மூணாறு போய்ச் சேரவே ஒரு பகல் முழுதும் போய்விட்டது. மறுநாள் காலையில் தேயிலைப் பெட்டி ஏற்றும் லாரி ஒன்றில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து சூரியநெல்லிக்குப் போனேன். ஒவ்வொரு வளைவிலும் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதுபோல் இருந்தது. இறங்கியபோது மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

டீ மேக்கர் திருநெல்வேலிக்காரர். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறார். எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டு அவரும் மனைவியும் தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்குப் போக வேண்டும். அங்கே பாதி கட்டி நின்றுபோன வீடு ஒன்று இருக்கிறது என்றும், வண்டியை விற்றுத்தான் அதற்குக் கூரை போட வேண்டும் என்றும் அவர் மனைவி பால் விடாத கட்டன் சாயா கொடுத்துக்கொண்டே சொன்னார். குரலில் அவசரமில்லை. பல நாள் யோசித்து முடித்துவிட்ட பேச்சு அது.

கை கழுவ வெளியே வந்தபோது டீ மேக்கர் என் பின்னாலேயே வந்தார்.

"பாய், ஒரு உவகாரம் செய்யணும். வெலயக் கொறச்சுச் சொல்லிருங்க. ரொம்பக் கொறச்சு. அவ வெறுத்துப்போயி விட்டுருவா. நான் போடி எறக்கம் வழியா ஓட்டிக்கிட்டே ஊருக்குப் போயிருவேன்."

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். இந்த மாதிரிக் கோரிக்கைகள் எனக்குப் புதிதல்ல. கூட்டிச் சொல் என்பார்கள், குறைத்துச் சொல் என்பார்கள். உள்ளதைச் சொல் என்று கேட்டவர் யாருமில்லை.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் வண்டி நின்றது. தடித்த தார்ப்பாயைத் தரைவரை இழுத்துப் போர்த்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். அவிழ்க்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. தார்ப்பாய் விலகியதும் எனக்கே ஒரு கணம் அலுப்பு மறந்துபோனது. கரும்பச்சைப் பெயிண்டில் முகம் தெரிந்தது. பித்தளையெல்லாம் துலக்கி வைத்ததுபோல் மின்னியது.

இன்ஜினைத்தான் முதலில் பார்த்தேன். கைப்பிடியைப் போட்டு மெதுவாகச் சுற்றினால் நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரி எதிர்த்துத் தள்ளின. எண்ணெய் சுத்தம். கிளப்பினார், இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறகு கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். கதவோடு சேர்ந்து அதைத் தாங்கும் தூணும் அசைந்தது.

அந்தக் கால வண்டிகளில் வெளியே தெரிவதுதான் தகடு. உள்ளே எலும்புக்கூடு முழுதும் மரம். நான் ஒவ்வோர் இடமாகத் தட்டிக்கொண்டு போனேன். சத்தமே சொல்லிவிட்டது. கொட்டகைக்கு வெளியே வந்தபோது வீட்டுக்கார அம்மா வாசலில் காத்திருந்தார். ஒரு நல்ல கறவை மாட்டின் விலைதான் பெறும் என்றேன்.

டீ மேக்கர் என்னை நன்றியோடு பார்த்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. "அவுக சொல்லிக் குடுத்ததத்தான சொல்லுதிய? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளா?" என்றார்.

"இல்லம்மா. நெசமாவே அவ்வளவுதான்" என்றேன். பிறகு டீ மேக்கரிடம் திரும்பினேன். "அண்ணாச்சி, இதை நீங்க எறக்கத்துல கொண்டு போகவும் முடியாது. நாலு வளைவு தாண்டறதுக்குள்ள பாடி பிரிஞ்சுரும்."

அவர் சிரித்தார். நான் நடிப்பைக் கொஞ்சம் அதிகமாகச் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். இருவரையும் உள்ளே கூட்டிப்போய், கதவின் உள் அட்டையைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரைத் தூணில் வைத்து அழுத்தினேன். பிடிவரை இறங்கியது. டீ மேக்கர் கையை விட்டுப் பார்த்தார். ஈரமான மரத்தூள் கைநிறைய வந்தது.

"ஒரு சொட்டு மழ நனைய விட்டதில்லயே, பாய்" என்றார். "தெனமும் மூடித்தான வச்சிருக்கேன்."

மலையில் ஈரம் எங்கேயும் புகுந்துவிடும் என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அம்மா கீழே கிடந்த தார்ப்பாயைப் பார்த்தார். அதன் உட்புறம் வேர்த்து நீர் கோத்திருந்தது. மரத்தை உளுக்க வைத்தது எது என்று அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதை மடித்து எடுத்துக்கொண்டு போய் வேலியில் போட்டார்.

திரும்பி வந்தபோது அவர் பேச்சு வேறாக இருந்தது. அப்படியானால் இதில் எதுதான் விலை போகும் என்று கேட்டார். இன்ஜின் போகும், சக்கரங்கள் போகும் என்றேன். எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கப் பழைய கார் இன்ஜினைப் பொருத்துகிறவர்கள் உண்டு. கவுண்டருக்கும் அது உதவும். அதன்பின் அம்மாவோடு விலை பேசியதுபோல் நான் எந்தத் தரகனோடும் பேசியதில்லை. மாட்டில் தொடங்கியவர் மாடும் கன்றும் வரை கொண்டுவந்து நிறுத்தினார். டீ மேக்கர் ஸ்டியரிங் மேல் கை வைத்தபடி நின்றார்.

இன்ஜினை இறக்க ஆள் கூப்பிடலாம் என்றதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. ஃபாக்டரியிலிருந்து சங்கிலிக் கப்பி வாங்கிவந்து தானே கழற்றினார். நட்டுகளை அளவு வாரியாகத் துணிப்பைகளில் கட்டிக் கொடுத்தார். ஒரு சமயம் அம்மா சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கணவர் கேட்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அளவு தெரியாமல் மாற்றிக் கொடுத்தாலும் டீ மேக்கர் கோபிக்கவில்லை.

லாரியில் இன்ஜினோடு மலை இறங்கி வந்தேன். கவுண்டருக்கு ஏமாற்றம். நான் சரியாகப் பேசவில்லை, முழு வண்டியைக் கொண்டுவந்திருந்தால் மரவேலை செய்து நிமிர்த்தியிருக்கலாம் என்று பலநாள் சொன்னார். அந்த மரவேலைக்கு ஆகும் செலவில் புது வண்டியே வாங்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். கடைசியில் இன்ஜின் அவர் கிணற்றுமேட்டில்தான் ஏறியது. கோடைகளில் நன்றாகவே இறைத்தது.

டீ மேக்கரும் மனைவியும் போடி வழியாக பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டதாக அந்த லாரி டிரைவர் ஒருமுறை சொன்னான். கூரை போட்டார்களா என்று கேட்கத் தோன்றியது. அவனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

அதற்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு வண்டி, குன்னூரில் ஒரு வண்டி என்று கூப்பிட்டார்கள். முதுகு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அது பொய்யுமில்லை.